கரும்பலகையில் பெயர் எழுதுகிற தலைவர்

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் காமராசர் தோற்றார். அவருக்குக் கிடைத்த வாக்குகள் 32,136. வென்ற பெ. சீனிவாசனுக்கு 33,421. வித்தியாசம் 1,285. "ஒரு காலேஜ் பையன்கிட்ட காமராசரைத் தோற்கடிச்சுட்டாங்க" என்று தென் மாவட்டங்களில் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். சிலர் குரலில் வருத்தம் இருக்கும், சிலர் குரலில் பெருமிதம். ஆனால் அந்தக் 'காலேஜ் பையன்' கூட்டத்தின் முன் நின்று ஓட்டுக் கேட்க எங்கே பழகியிருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. சீனிவாசன் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக அறியப்பட்டவர். அவரைப் போன்றவர்கள் கட்சி அலுவலகத்திலிருந்து உருவாகவில்லை, கல்லூரி வளாகத்திலிருந்து வந்தார்கள்.

அன்றைய வளாகத்தைப் புரிந்துகொள்ள ஒரு சட்ட விவரம் தேவைப்படுகிறது. இந்தியாவில் வாக்குரிமை வயது 1989 மார்ச் வரை 21. அதன் பிறகுதான், 61ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி, 18 ஆனது. பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் நுழைந்து பட்டம் வாங்கும்வரை ஒரு மாணவருக்கு நாட்டின் எந்தத் தேர்தலிலும் ஓட்டு இருக்காது. அவர் வாழ்க்கையில் போடும் முதல் ஓட்டு கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தலில்தான். முதல் வேட்புமனுவும் அங்கேதான். பிற்காலத்தில் 'திராவிட இயக்கப் பேச்சாளர்கள்' என்று நாம் கொண்டாடிய பலருக்குப் பேரவை மேடை எப்படி ஒரு பட்டறையாக இருந்தது என்பதற்கு இந்த வயது வரம்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மதுரையில் அது கண்கூடாகத் தெரிந்த நாள் 1965 ஜனவரி 25. மறுநாள் குடியரசு நாள், அன்றிலிருந்து இந்தி ஒன்றியத்தின் ஒரே ஆட்சிமொழியாவதாக இருந்தது. நகரத்துக் கல்லூரி மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக்கும் அரசமைப்பின் 17ஆம் பகுதியைக் கொளுத்தினார்கள். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தின் அருகே கைகலப்பு மூண்டு மாணவர்கள் சிலர் கத்திக் குத்துப்பட்டார்கள். அங்கே தொடங்கிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. இந்தப் போராட்டத்தின் முகங்களாக மதுரையிலிருந்து எழுந்தவர்களில் கா. காளிமுத்துவும் நா. காமராசனும் முக்கியமானவர்கள். இருவரும் தெப்பக்குளத்துக் கரையில் இருக்கும் தியாகராசர் கல்லூரி மாணவர்கள். ஒருவர் பின்னாளில் சட்டப்பேரவைத் தலைவர் ஆனார், மற்றவர் புதுக்கவிதையில் தனிப் பெயர் பெற்றார்.

போராட்டத்தின் வீரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எனக்கு அதிகம் வியப்பளிப்பது அதன் நிர்வாகம். மாநிலம் முழுவதிலுமிருந்த கல்லூரிகளின் மாணவர் தலைவர்கள் சேர்ந்து இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழு ஒன்றை அமைத்தார்கள். அவர்களில் பலர் தத்தம் கல்லூரியில் பேரவைப் பொறுப்பில் இருந்தவர்கள். யாரிடம் பேச வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி தந்ததும், பிப்ரவரி 12 அன்று போராட்டத்தைக் காலவரையின்றித் தள்ளிவைப்பதாக அந்தக் குழு அறிவிக்க முடிந்தது. எல்லா மாணவரும் உடனே அடங்கிவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும் 'நிறுத்துகிறோம்' என்று சொல்லும் அதிகாரம் சிலரிடம் இருந்தது. அந்த அதிகாரம் ஓட்டுப் போட்டுக் கொடுக்கப்பட்டது.

பேரவைத் தேர்தல் தமிழகத்தில் ஒரே நாளில் ஒழிக்கப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அந்த ஏணியில் ஏறி ஆட்சிக்கு வந்தவர்களுக்கு அதன் உயரம் நன்றாகத் தெரியும். 1971இல் முதலமைச்சர் கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள் மீது தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவர் இறந்தார், விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அப்போது மாணவர் இயக்கத்தில் இருந்து, அந்த விசாரணையில் ஈடுபட்டதால் சட்டத்தின் பக்கம் திரும்பியவர்தான் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு. மாணவர் போராட்டத்தால் வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்து நான்கே ஆண்டுகளில் இது நடந்தது.

பிறகு காசு வந்தது. 1980களின் நடுவிலிருந்து சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்த்த தகப்பனுக்குக் கல்லூரி நிர்வாகம் கொடுத்த முதல் வாக்குறுதியே "எங்க காலேஜ்ல எலெக்‌ஷன், ஸ்ட்ரைக் எதுவும் கிடையாது" என்பதுதான். தகப்பனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் ஒன்றிய அரசுக்குக் கொடுக்கப்பட்ட அம்பானி – பிர்லா அறிக்கை, வளாகங்களில் அரசியல் நடவடிக்கைகளை அடியோடு தடை செய்யப் பரிந்துரைத்தது. தொழிலதிபர்கள் எழுத்தில் சொன்னதை நம் ஊர்ப் பெற்றோர்கள் ஏற்கெனவே மனத்தில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

சாதியும் சேர்ந்துகொண்டது. தென் மாவட்டங்களில் தொண்ணூறுகளின் மோதல்களைப் பார்த்த எந்தக் கல்லூரி முதல்வரும் தேர்தல் என்ற பேச்சை எடுக்கத் தயங்கியதில் ஆச்சரியமில்லை. வேட்பாளர் பட்டியல் சாதிப் பட்டியலாகிவிடும் என்ற பயம் பொய்யான பயமல்ல. 2008 நவம்பரில் சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில், ஒரு சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டதையொட்டி மாணவர்கள் தடியும் கத்தியுமாக மோதிக்கொண்டதையும், போலீசார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் மாணவர் தேர்தல் சிக்கலுக்கு ஒரு மருந்து எழுதித் தந்திருந்தது. வழக்கு வந்தது மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்திலிருந்து. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதை மட்டும் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வண்டி, விலங்கு எதுவும் கூடாது. இளநிலை மாணவர் 17 வயதிலிருந்து 22 வயதுக்குள் இருக்க வேண்டும், அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். பொறுப்பாளர் பதவிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். மனுத் தாக்கல் முதல் முடிவு அறிவிப்பு வரை பத்து நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும்.

(உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுக்காமல் தமிழில் தேர்தல் பற்றி எழுதக் கூடாது என்று ஏதோ விதி இருப்பதுபோல் தோன்றும். நானும் இழுத்துவிடுகிறேன். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டிலும் வயது வரம்பு உண்டு, மறுபடி நிற்கத் தடை உண்டு, கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்ற விதியும் உண்டு. லிங்டோ அதைப் படித்தாரா தெரியாது, நல்ல கணக்கர்கள் எந்தக் காலத்திலும் ஒரேமாதிரிதான் யோசிப்பார்கள்.)

விதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. 5,000 ரூபாய் என்பது இன்றைய மதுரையில் ஒரு காதணி விழாவுக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் போர்டுகளுக்கே பற்றாது, அது ஒரு நல்ல காரணத்துக்காகவே இருக்கட்டும். ஆனால் அறிக்கையின் இன்னொரு பகுதியை நம் கல்லூரிகள் வசதியாக மறந்துவிட்டன. சூழ்நிலை சரியில்லாத இடங்களில் இடைக்கால ஏற்பாடாக நியமன முறையை வைத்துக்கொள்ளலாம், ஐந்து ஆண்டுக் காலத்தில் அதைத் தேர்தலாக மாற்றிவிட வேண்டும் என்றது அந்த அறிக்கை. அந்தக் கணக்குப்படி 2011க்குள் மாறியிருக்க வேண்டும். தமிழகக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இன்றும் மதிப்பெண் பார்த்தோ, துறைத் தலைவர் கைகாட்டியோதான் பேரவைப் பொறுப்பாளர் வருகிறார். பதவியேற்பு விழா மட்டும் பிரமாதமாக நடக்கிறது. பட்டை அணிவிக்கிறார்கள், உறுதிமொழி வாசிக்கிறார்கள், சிறப்பு விருந்தினர் 'நாளைய தலைவர்களே' என்று விளிக்கிறார். கல்லூரிக்குப் புத்தகம் வாங்குவதா, தண்ணீர்க் குழாய் போடுவதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் பட்டைக்கு நாற்காலி இல்லை.

இந்த 'நாற்காலி இல்லை' என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். தேர்தல் நடந்ததா இல்லையா என்பதைவிட, மாற்றம் வரும்போது யார் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதே கேள்வி.

மதுரை அமெரிக்கன் கல்லூரி 1978இல் நாட்டின் முதல் தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒன்றானது. அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாகத் தன்னாட்சி பெற்றன. ஒரு கல்லூரிக்கு இதைவிடப் பெரிய மாற்றம் இல்லை. பாடத்திட்டம், தேர்வுத்தாள், மதிப்பீடு எல்லாமே பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து கல்லூரியின் கைக்கு வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சி விதிகளில் ஆட்சிக்குழு, கல்விக்குழு, பாடத்திட்டக் குழு, நிதிக்குழு என்று அவைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பாடத்திட்டக் குழுவில் ஒரு முன்னாள் மாணவர் இருக்கலாம், அவரையும் முதல்வர் நியமிப்பார். படித்து முடித்துப் போனவருக்கு இடம் உண்டு, இப்போது அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு இல்லை. தர உறுதிப் பிரிவில் மாணவர் ஒருவர் உண்டு, நியமனம். 2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர் விதிமுறையில் மாணவர் ஒருவர் உண்டு, அவரும் மதிப்பெண்ணையோ விளையாட்டுத் திறனையோ பார்த்து நியமிக்கப்படும் சிறப்பு அழைப்பாளர். குறை இருப்பவர் பெரும்பாலும் மதிப்பெண்ணில் முதலிடத்தில் இருப்பதில்லை என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான மானியக் குழுவின் 2015 விதிமுறை, உள் புகார்க் குழுவில் மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. மிகக் கடினமான, மிக நுட்பமான ஒரு பொறுப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டமே நம்புகிறது. பாடத்திட்டத்துக்கும் கேன்டீனுக்கும் மட்டும் நம்பிக்கை வரவில்லை. உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அந்த மூன்று பேர் யார், எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

மாணவருக்கு நாற்காலி தருவது உலகத்தில் வேறு இடங்களில் எப்போதோ பேசி முடிக்கப்பட்ட விஷயம். அர்ஜென்டினாவின் கோர்தோபா பல்கலைக்கழகத்தில் 1918இல் மாணவர்கள் நடத்திய கிளர்ச்சி, ஆட்சி அவைகளில் ஆசிரியர்களோடு மாணவர் பிரதிநிதிகளும் உட்காரும் இணை ஆட்சி முறையைக் கொண்டுவந்து, லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. நம் ஊரிலும் இதற்கு ஒரு மரபு இருந்தது. 1937 வார்தா கல்வி மாநாட்டுக்குப் பிறகு வந்த ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகளே உணவுக்கு, சுத்தத்துக்கு, தோட்டத்துக்கு என்று அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்து வேலை பார்த்தார்கள். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த கல்லுப்பட்டி காந்தி நிகேதன் அந்த மரபில் வந்த ஆசிரமம்தான். அது மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது.

வளாகத்துக்கு வெளியே ஊரில் என்ன நிலைமை என்று பார்க்க இனி அவனியாபுரத்துக்கு வருவோம். மதுரைக்குத் தெற்கே விமான நிலையத்தை ஒட்டிய இந்த ஊரைத் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்காக உலகத்துக்குத் தெரியும். 2011 வரை தனி நகராட்சி. அந்த ஆண்டு ஆனையூர், திருப்பரங்குன்றம் ஆகியவற்றோடு மதுரை மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது, மாநகராட்சி வார்டுகள் 72லிருந்து 100 ஆயின. மாநகரத்தின் குப்பை வந்து சேரும் வெள்ளக்கல் கிடங்கும் இந்தப் பகுதியில்தான். ஊர் நகரமானது, நிர்வாகம் தூரமானது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின் தமிழக நகரங்களில் தேர்தலே நடக்கவில்லை. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஆறாம் வகுப்பில் இருந்த ஓர் அவனியாபுரத்துச் சிறுமி பதினோராம் வகுப்புக்கு வரும்வரை தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஜல்லிக்கட்டின் கதையும் அதுவே. யார் நடத்துவது என்பதில் ஊருக்குள் தகராறு வந்து வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்து விழாவை நடத்தச் சொன்னது நீதிமன்றம். இப்போது மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் நடத்துகின்றன. விழா பாதுகாப்பாக நடக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊரார் உட்கார்ந்து தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பதற்கும், அந்த ஊரின் பிள்ளைகளுக்கு யாரும் அதைப் பழக்கவில்லை என்பதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பள்ளியில் என்ன பழக்குகிறோம்? மதுரைப் பக்கத்துப் பள்ளி எதிலும் ஒரு வகுப்பு லீடரின் வேலையைக் கவனித்துப் பாருங்கள். ஆசிரியர் வெளியே போனதும் லீடர் எழுந்து கரும்பலகையின் ஓரத்தில் கோடு கிழித்து, 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போடுவார். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அப்புறமும் பேசினால் இன்னொன்று. நண்பன் பெயரை எழுதாமல் விட்டதற்கு ஒரு சண்டை, காசோ மிட்டாயோ வாங்கிக்கொண்டு அழித்ததற்கு ஒரு சண்டை. ஆசிரியர் வந்ததும் பட்டியலில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தலைமை என்ற சொல்லை முதன்முதலில் தெரிந்துகொள்வது இப்படித்தான். தலைவர் என்றால் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர்களைக் காட்டிக்கொடுப்பவர். கீழே இருப்பவர்களின் சொல்லை மேலே கொண்டுபோகும் ஆளாக அவரை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை.

எஸ்.பி.எல். எனப்படும் பள்ளி மாணவர் தலைவருக்குத் தேர்தல் நடக்கும் பள்ளிகளும் உண்டு. சிலவற்றில் செல்போன் செயலியில் வாக்குப்பதிவு இயந்திரம் மாதிரியே 'பீப்' சத்தத்தோடு ஓட்டு விழுகிறது, விரலில் மை வைக்கிறார்கள், நாளிதழில் படமும் வருகிறது. வேட்பாளர்களை ஆசிரியர்கள் முன்பே வடிகட்டிவிடுவார்கள். வென்ற பெண் காலை வழிபாட்டில் 'பள்ளி, அட்டென்ஷன்' சொல்வாள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதைச் சொல்ல அவளுக்கு ஒரு கூட்டம் கிடையாது.

இப்படி வளர்ந்த தலைமுறை 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தது. அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மெரினாவிலும் லட்சக்கணக்கில் கூடினார்கள். 'தலைவரே இல்லாத போராட்டம்' என்று எல்லாரும் வியந்தோம். அவசரச் சட்டம் வந்தது. அதன் பிறகும் கூட்டம் கலையவில்லை, ஜனவரி 22 அன்று அலங்காநல்லூரில் போட்டியைத் தொடங்கி வைக்க மதுரை வந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. மறுநாள் மெரினாவில் தடியடி. 1965இல் 'தள்ளிவைக்கிறோம்' என்று சொல்ல ஒரு குழு இருந்தது. 2017இல் வென்றுவிட்டோம் என்று சொல்லக்கூட யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தக் கூட்டத்தின் ஒழுங்கு அபாரமானது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்துப் பழகாத கூட்டத்துக்கு முடித்து வைக்கத் தெரியாது.

தேர்தலை எடுத்துவிட்டால் வளாகத்தில் தலைவர்களே இல்லாமல் போய்விடுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சென்னைக் கல்லூரி மாணவர்களிடையே பேருந்துத் தடத்துக்கு ஒரு 'ரூட்டு தல' உண்டு. தென் மாவட்டப் பள்ளிகளில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு அந்த வேலையைச் செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அதே கே. சந்துருவின் தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை கயிறு, மோதிரம், பள்ளிப் பெயரில் சாதி எல்லாவற்றையும் நீக்கச் சொன்னது. சாதியைக் காரணம் காட்டித்தான் தேர்தலை நிறுத்தினோம். நிறுத்தியதால் சாதி போகவில்லை. தலைமை மட்டும் ஓட்டுப் பெட்டியிலிருந்து மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

அரசுப் பள்ளிகள் இப்போது ஒரு மாறுதல் காலத்தில் இருக்கின்றன. 2024இல் வந்த 'மகிழ் முற்றம்' திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பையும் சாதியையும் கலைத்து உட்காரவைக்க நல்ல வழி. பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2022இலும் 2024இலும் புதிதாக அமைத்தார்கள், இரண்டாம் முறை முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இங்கேயும் முன்னாள்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்றும் பாதிப்பேர் பெண்கள் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்காக ஒன்றிய அரசு எழுதிய மாதிரி விதிகளில் ஒரு வரி இருக்கிறது. மீதிக் கால் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களிலிருந்தோ பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிலிருந்தோ எடுக்கலாம், அதைப் பெற்றோர் முடிவு செய்யலாம்.

மாதிரி விதிதான், கட்டாயமில்லை. ஆனாலும் வழி மறிக்கப்படவில்லை. அவனியாபுரத்திலோ வில்லாபுரத்திலோ பெருங்குடியிலோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த இரண்டு பேரை, ஒரு பையன், ஒரு பெண், அழைத்து உட்காரவையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் பேசியதையும் எழுதச் சொல்லுங்கள்.